ஹீரோயினை மாத்திட்டா போதுமா? கே ரொமான்டிக் காமெடி எப்படி ஓடுதுன்னு ஒரு எளிய விளக்கம்

இந்த வகைக் கதைகளைப் பத்திப் பேச்சு வந்தா நம்ம மக்கள் பெரும்பாலும் ரெண்டு விஷயம்தான் சொல்வாங்க. ஒண்ணு, "சாதா லவ் ஸ்டோரிதான்பா, ஹீரோயின் இருந்த இடத்துல இன்னொரு பையனை நிக்க வச்சிருக்காங்க". இன்னொண்ணு, "அய்யோ ஒரே அழுகாச்சி, கடைசில யாராவது செத்துருவான், இல்லனா ரெண்டு மணி நேரம் க்ளாஸ் எடுப்பாங்க". சொல்றவங்க முக்காவாசிப் பேர் ஒண்ணைக்கூட முழுசா படிச்சிருக்கவோ பாத்திருக்கவோ மாட்டாங்க, யாரோ சொன்னதை வச்சு அடிச்சு விடுறதுதான்.

சிட்டில வாழுற நாலஞ்சு கே ஃப்ரெண்ட்ஸ், அவங்க காதல், சொதப்பல், வாடகைத் தொல்லை, ஞாயித்துக்கிழமை லேட்டா எழுந்து சாப்பிட உக்காந்து நேத்து ராத்திரி டேட்டை அக்குவேறு ஆணிவேறா பிரிச்சு மேயறது, இப்படி லைட்டா போற கதைகள் ஆங்கிலத்துல ஒரு தனி வகையாவே வளர்ந்திருக்கு. அதுக்குன்னு தனி என்ஜின் இருக்கு, சாதா லவ் ஸ்டோரி என்ஜின் இல்ல அது. அந்த என்ஜினைத்தான் இங்க திறந்து பாக்கப் போறோம். கேன்னா ஆண் மேல ஈர்ப்பு வர்ற ஆண், தமிழ்ல தன்பாலீர்ப்பாளர்னு எழுதுறாங்க (அந்த சொல் பெண்களுக்கும் பொருந்தும், ஆனா இந்தக் கட்டுரை ஆண்கள் கதைகளோட நின்னுக்குது).

முதல்ல ரொமான்டிக் காமெடின்னா என்ன

லவ் இருக்கு, சிரிப்பு இருக்கு, அதனால ரொமான்டிக் காமெடின்னு சொல்லிட முடியாது. இந்த வகையில ஒரு விசித்திரம் என்னன்னா முடிவு என்னன்னு முதல் பத்து நிமிஷத்துலயே எல்லாருக்கும் தெரியும். போஸ்டர் பாத்தாலே தெரியும், இவனும் அவனும் சேரப் போறாங்க. அப்புறம் எதுக்கு மீதி கதை? நடுவுல ஒரு தடை இருக்கு. அந்தத் தடை எவ்ளோ நேரம் தாங்கும், எப்படி உடையும், உடையுறதுக்குள்ள இவனுங்க எவ்ளோ அசிங்கப்படுவானுங்க, இதைப் பாக்கத்தான் நம்ம உக்காந்திருக்கோம்.

தடைன்னா காதலர்களைச் சேர விடாம தள்ளிப்போடுற எதுவும்தான், அப்பாவா இருக்கலாம், சாதியா இருக்கலாம், ஒரு பொய்யா இருக்கலாம், வெறும் ஈகோவா கூட இருக்கலாம். தடை லேசா இருந்தா கதை சப்புனு போயிடும், ரொம்ப கனமா இருந்தா காமெடி செத்துரும், ட்ராஜெடி ஆயிடும். ரொமான்டிக் காமெடி எழுதுறவரோட வேலையில பாதி இந்த எடையை சரியா பாத்து வைக்கிறதுதான்.

கல்யாண வீட்டுல யார் யாருக்கு என்ன வேலை

இப்ப நம்ம ஊர் கல்யாண வீட்டை நினைச்சுப் பாருங்க. பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேர்தான், ஆனா அந்த கல்யாணத்தை ஓட்டுறது அவங்களா? தரகர் ஜாதகத்தைக் கொண்டு வருவார், மாமா ஆபீஸ்ல போய் "பையன் எப்படி"ன்னு விசாரிப்பார், சித்தி ஃபோட்டோவைப் பாத்து "கொஞ்சம் கலர் கம்மி"ம்பாங்க, பெரியப்பா ஒரு பழைய பகையைத் தோண்டி எடுத்து எல்லாத்தையும் நிறுத்தப் பாப்பார், அக்கா ரகசியமா போன் நம்பர் வாங்கிக் குடுப்பா. நம்ம குடும்ப லவ் படங்களும் இதே ஆளுங்களை வச்சுத்தான் ஓடுது. சேர்த்து வைக்கிறதும் இவங்கதான், பிரிக்கப் பாக்குறதும் இவங்கதான், கடைசில அட்சதை போடறதும் இவங்கதான்.

அடுத்தது, வீட்டை விட்டு வந்து ஒரு பெரிய ஊர்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்குற ஒரு கே பையனை யோசிங்க. அவனுக்கு மாப்பிள்ளை பாக்க எந்த மாமாவும் வரப்போறதில்ல, சித்திகிட்ட ஃபோட்டோ காட்ட முடியாது, பல பேர் வீட்டுல விஷயமே தெரியாது. கல்யாண வீட்டுல இருந்த அத்தனை போஸ்ட்டும் காலி. காலியா இருக்குற இடத்துல வந்து உக்கார்றதுதான் ஃப்ரெண்ட்ஸ் கூட்டம். ஒருத்தன் தரகர் வேலை பாக்குறான், ஒருத்தன் போய் விசாரிச்சுட்டு வர்றான், ஒருத்தன் "மச்சான் அவன் உனக்கு செட் ஆக மாட்டான்"னு பெரியப்பா மாதிரி கட்டையைப் போடுறான், ஒருத்தன் அழறப்போ சாப்பாடு வாங்கிட்டு வர்றான். ரத்த சொந்தம் இல்லாம நாமளே தேடி அமைச்சுக்குற இந்தக் குடும்பத்தை ஆங்கிலத்துல சூஸன் ஃபேமிலின்னு சொல்றாங்க.

இங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. சாதா ரொமான்டிக் காமெடில ஹீரோவோட ஃப்ரெண்ட் ஒரு காமெடி பீஸ், டாஸ்மாக்ல உக்காந்து ஐடியா குடுப்பான், அவனை எடுத்துட்டா கதை கொஞ்சம் போரடிக்கும், ஆனா நிக்காது. கே ஃப்ரெண்ட்ஸ் கதையில அந்தக் கூட்டத்தை எடுத்துட்டா கதையே கிடையாது.

இதுவரைக்கும் பாத்தது இவ்ளோதான்: முடிவு தெரிஞ்ச கதை, அதைத் தள்ளிப்போட ஒரு தடை, சாதா கதையில குடும்பம் பாக்குற வேலை மொத்தத்தையும் இங்க ஃப்ரெண்ட்ஸ் பாக்குறாங்க.

ஒரு எதிர் உதாரணம்

2020ல ஹிந்தில ஆயுஷ்மான் குரானா நடிச்ச சுப் மங்கள் ஜியாதா சாவ்தான் வந்துச்சு. ரெண்டு பசங்க லவ் பண்றாங்க, ஜாலியான படம். ஆனா ஜோடி டெல்லில இருந்து கிளம்பி அலகாபாத்ல ஒரு குடும்பக் கல்யாணத்துக்குப் போயிடுது, போற வழியில ரயில்லயே அப்பா பாத்துடுறார், அதுக்கப்புறம் முழுக்க அப்பா அம்மா சித்தப்பா சித்தி ரகளைதான். ஜோடி கே ஜோடி, ஆனா ஓடுற என்ஜின் நம்ம பழைய கூட்டுக்குடும்ப என்ஜின். படத்தைக் குறை சொல்லல, நம்ம நாட்டுக்கு அதுதான் இயல்பா வரும்னு கூட சொல்லலாம். நான் இங்க பேசுறது அது இல்லைன்னு காட்டத்தான் சொன்னேன். ஹீரோவும் ஹீரோவும் லவ் பண்ணா மட்டும் அது இந்த வகையில சேராது, கதையை யார் தள்ளுறாங்கன்னு பாக்கணும்.

ஏன் எப்பவும் சிட்டி

கிராமத்துல கே ஆளுங்க இல்லையான்னா தாராளமா இருக்காங்க. ஆனா இந்தக் கதைக்கு ரெண்டு விஷயம் வேணும், ஒண்ணு குடும்பத்தை நம்பாம சொந்த சம்பளத்துல தனியா வாழ முடியணும், ரெண்டு பக்கத்து வீட்டுக்காரனுக்கு நீ யார் மகன்னு தெரியாம இருக்கணும். நிலமும் வீடும் அப்பா பேர்ல இருக்குற இடத்துல இது ரெண்டும் கஷ்டம்.

அமெரிக்காவுல இது நடந்த விதம் சுவாரஸ்யமானது. இரண்டாம் உலகப் போர்ல சின்னச் சின்ன ஊர் பசங்க லட்சக்கணக்குல பட்டாளத்துக்குப் போனாங்க, பசிபிக் பக்கம் போறவங்களுக்கு சான் பிரான்சிஸ்கோ பெரிய துறைமுகம். கேன்னு சந்தேகப்பட்டு பட்டாளத்துல இருந்து துரத்துனவங்களுக்கு நீல நிறத்துல ஒரு காகிதம் குடுத்து அனுப்புவாங்க, அந்தக் காகிதத்தோட சொந்த ஊருக்குப் போனா மானம் போகும், அதனால பல பேர் துறைமுகத்துலயே தங்கிட்டாங்க. பின்னாடி 60கள்லயும் 70கள்லயும் குடும்பஸ்தங்க புறநகருக்குக் கிளம்பிப் போக, காஸ்ட்ரோங்கிற ஏரியால பழைய மர வீடுங்க சல்லிசா கெடச்சுது, அதுல வந்து குடியேறுனாங்க. ஆக "சிட்டி" இந்தக் கதைகள்ல சும்மா பின்னாடி தெரியுற பில்டிங் இல்ல, இந்த ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் சந்திக்கவே காரணம் அதுதான்.

ஒரு சூப்பர்மார்க்கெட் சீனைக் கிட்டப் போய் பாக்கலாம்

இந்த வகைக்கு மூலவர் யாருன்னா நான் தயங்காம ஆர்மிஸ்டெட் மாப்பினைத்தான் காட்டுவேன். 1976 மே மாசம் சான் பிரான்சிஸ்கோ க்ரானிக்கிள் தினசரில டேல்ஸ் ஆஃப் தி சிட்டின்னு ஒரு தொடர்கதை ஆரம்பிச்சார். நம்ம வாரப் பத்திரிகைத் தொடர்கதை மாதிரிதான், ஆனா இது வாரத்துல அஞ்சு நாள், ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட 800 வார்த்தை, ஆபீஸ் போற பஸ்ல உக்காந்து படிக்குற சைஸ். டைமிங் வேற பாருங்க, வயசு வந்த ரெண்டு பேர் சம்மதத்தோட இருந்தா குற்றமில்லன்னு கலிஃபோர்னியால சட்டம் மாறுனது அமலுக்கு வந்ததே அந்த வருஷம் ஜனவரிலதான்.

இந்தக் கதை பிறந்த விதமே ஒரு காமெடி. ஊர்ல மரீனா பக்கம் ஒரு சேஃப்வே சூப்பர்மார்க்கெட், காய்கறி வாங்குற சாக்குல கல்யாணம் ஆகாத ஆணும் பொண்ணும் ஒருத்தரை ஒருத்தர் சைட் அடிக்க வர்றாங்கன்னு கேள்விப்பட்டு மாப்பின் அதைச் செய்திக் கட்டுரையா எழுதப் போனார். அங்க யாரும் "ஆமா நான் அதுக்குத்தான் வந்தேன்"னு ஒத்துக்கல. சரின்னு கற்பனையா ஒரு பொண்ணை உருவாக்கி அங்க அனுப்பிட்டார்.

அந்தப் பொண்ணு மேரி ஆன், க்ளீவ்லாந்துல இருந்து லீவுக்கு வந்து ஊர் புடிச்சுப் போய் அம்மாவுக்கு போன் போட்டு "நான் திரும்பி வரல"ன்னு சொன்னவ. தோழி சொன்னான்னு சேஃப்வேக்குப் போறா, அங்க ஒரு அழகான பையன் ராபர்ட், நல்லா பேசுறான், நமக்கும் "ஆஹா மாட்டிக்கிச்சு"ன்னு தோணும். அப்ப தள்ளுவண்டியோட இன்னொரு பையன் வந்து ராபர்ட் பக்கத்துல நிக்கிறான், அவன்தான் மைக்கேல், ராபர்ட்டோட காதலன். மேரி ஆனுக்கு மூஞ்சி செத்துப் போகுது, வாசகனுக்கு சிரிப்பு வருது. ரெண்டு பேர் முதல்தடவை சந்திக்குற இடத்தை வேடிக்கையா அமைக்கிறதுக்கு மீட் க்யூட்னு பேர், இங்க ஆசிரியர் அதை அழகா செட் பண்ணி நம்ம கண் முன்னாடியே கவுத்துடுறார்.

அதுக்கப்புறம்தான் விஷயம். ராபர்ட் மைக்கேலைக் கழட்டி விட்டுடுறான், மைக்கேல் ஒண்ட இடமில்லாம ஒரு தோழி மூலமா வந்து சேர்ற வீடு பார்பரி லேன் 28, மேரி ஆன் குடியிருக்கிற அதே வீடு. சூப்பர்மார்க்கெட்ல அசிங்கப்பட வச்ச ஆளும் அசிங்கப்பட்டவளும் உயிர் ஃப்ரெண்ட்ஸ் ஆகுறாங்க. வீட்டுக்கார அம்மா மிஸஸ் மாட்ரிகல், தோட்டத்துல கஞ்சா வளர்த்து வாடகைக்காரங்களுக்குப் பாசமா குடுக்குறவங்க, அத்தனை பேருக்கும் அவங்கதான் அம்மா ஸ்தானம். கவனிச்சீங்களா, ஒரு லவ் ஃபெயிலியர் ஒரு குடும்பத்தை உண்டாக்கிட்டுப் போயிடுச்சு.

பத்திரிகை உள்ள நடந்ததையும் சொல்லணும். கதைல கே ஆளுங்க எண்ணிக்கை ஒரு அளவைத் தாண்டக் கூடாதுன்னு எடிட்டர் ஒருத்தர் கே ஆளுங்க ஒரு பக்கம், கே இல்லாதவங்க ஒரு பக்கம்னு ரெண்டு பத்தி போட்டு சார்ட் வச்சு ஒவ்வொரு கேரக்டரையும் எழுதிட்டு வந்தார்னு மாப்பினே பல தடவை சொல்லியிருக்கார். அதுக்கு அவர் என்ன பண்ணார்னா, கதைல ஒரு நாய் ஒரு பெண்ணோட காலைப் புடிச்சு வேலை காட்டுற மாதிரி எழுதிட்டு, இந்த நாயையும் கே இல்லாதவங்க பத்தில சேருங்கன்னு வம்பு பண்ணிட்டார்.

நண்பனா காதலனா எக்ஸா

இப்ப என்ஜினோட ரெண்டாவது பாகம். ஆண் பெண் கதைல ஒரு வசதி உண்டு. ஹீரோ தன் பசங்க கூட இருக்கும்போது அந்த கேங்குக்குள்ள யாரும் யாரையும் லவ் பண்ணப் போறதில்லன்னு நமக்குத் தெரியும், காதல் வேணும்னா ஒரு பொண்ணு வெளியில இருந்து வரணும். கோடு தெளிவா இருக்கு.

கே கேங்குல அந்தக் கோடே கிடையாது. கூட உக்காந்து டீ குடிக்கிற எவனும் நாளைக்கு காதலன் ஆகலாம், நேத்து காதலனா இருந்திருக்கலாம், இன்னிக்கு உன் காதலனோட பழைய காதலனா இருக்கலாம். எக்ஸ்னா பிரிஞ்ச காதலன், சாதா கதைல எக்ஸ் வந்தா பிரச்சனைன்னு அர்த்தம், இங்க எக்ஸ்தான் பல தடவை பெஸ்ட் ஃப்ரெண்ட். இது எழுத்தாளர் யோசிச்சு வச்ச ட்விஸ்ட் இல்ல, கணக்கு அப்படி. ஊர் பெருசு, ஆனா அதுக்குள்ள இவங்க உலகம் சின்னது, எல்லாரும் போற பார் அதே ரெண்டு மூணு, பிரிஞ்சவனை வாழ்நாள் பூரா பாக்காம இருக்கணும்னா ஊரை விட்டுத்தான் போகணும், அதனால பேசிப் பழகி ஃப்ரெண்டா வச்சுக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

மாப்பின் கதைல இதை வச்சு என்ன விளையாட்டு விளையாடுறார் பாருங்க. மைக்கேல் ஒரு ஸ்கேட்டிங் தளத்துல உருண்டு போய் ஒருத்தன் மேல மோதுறான், அவன் ஜான், தொழில் என்னன்னா பெண்கள் சிறப்பு டாக்டர் (இந்த ஜோக் புரியலன்னா ஒரு நிமிஷம் யோசிங்க). ஜான்கிட்ட பேஷண்ட்டா வர்ற பணக்காரப் பொண்ணோட புருஷனுக்கும் ஜானுக்கும் ரகசியத் தொடர்பு இருந்திருக்கு, அந்தப் புருஷன் வேலை பாக்குற கம்பெனிலதான் மேரி ஆனும் செக்ரட்டரி. சாதா கதைல இவ்ளோ தற்செயல் இருந்தா "என்னடா காதுல பூ"ன்னு மூடி வச்சிருவோம், இங்க உலகம் அவ்ளோ சின்னதுங்கறதால நம்ப முடியுது.

இன்னொரு இடம் எனக்கு ரொம்பப் புடிக்கும். மைக்கேலுக்கு வாடகை குடுக்கக் காசில்ல, ஒரு பார்ல ஜட்டியோட ஆடுற டான்ஸ் போட்டி, ஜெயிச்சா பணம். போய் ஆடுறான், ஜெயிக்கவும் செய்றான், கூட்டத்துல தன்னோட மேல்தட்டு ஃப்ரெண்ட்ஸோட நின்னுட்டிருக்கிறது ஜான். ஜான் மூஞ்சி போற போக்குல காதல் அப்பவே ஆட்டம் காணுது. இதுல தடை என்ன? அப்பாவும் இல்ல, சமூகமும் இல்ல, ரெண்டு கே ஆளுங்களுக்குள்ளயே இருக்குற வசதி வித்தியாசமும் "அந்த மாதிரி ஆளு"ங்கற பார்வையும்தான்.

சுருக்கமா: கூட்டத்துக்குள்ள நட்புக்கும் காதலுக்கும் நடுவுல வேலி இல்ல, உலகம் சின்னது, அதனால சந்திப்பும் சங்கடமும் தானா உற்பத்தியாகுது, தடையைத் தேடி வெளியில போகவே வேண்டாம்.

தடை உள்ளயே இருக்கு

வெளியாளுங்களுக்கு கே கதைன்னா தடை கண்டிப்பா "ஊர் ஒத்துக்கல"வாத்தான் இருக்கும்னு ஒரு நினைப்பு. லைட்டான கதைங்க பெரும்பாலும் அதைத் தொடுறதே இல்ல, இல்லன்னா ஓரமா வச்சிருக்கும்.

1999ல ட்ரிக்னு ஒரு சின்ன படம், நியூயார்க்ல ஒரே ராத்திரில நடக்குற கதை. கேப்ரியல் மியூசிக்கல் நாடகம் எழுத முயற்சி பண்றவன், மார்க் பார்ல ஆடுறவன், ரெண்டு பேருக்கும் புடிச்சுப் போச்சு, தனியா இருக்க ஒரு ரூம் வேணும், அவ்ளோதான் கதை. கேப்ரியலோட ரூம்மேட்டுக்குக் காதலி வந்துட்டா, ரூம் கெடைக்காது. தோழி ஒருத்தி வந்து தன் பிரச்சனையை மூச்சு விடாம பேசுறா. விடிய விடிய ஊரைச் சுத்துறானுங்க, இடமே கெடைக்கல. பேச்சிலரா மேன்ஷன்லயோ ஷேரிங் ரூம்லயோ இருந்த எவனுக்கும் இந்த வலி தெரியும்! ஆனா ரூம் கெடைக்காததாலதான் ரெண்டு பேரும் பேச வேண்டியதாகுது, பேசப் பேசத்தான் ஒரு ராத்திரி ஆசையா ஆரம்பிச்சது வேற ஒண்ணா மாறுது. வாடகை ஜாஸ்தியா இருக்குற ஊர்ல தடையை வீட்டு ஓனரே இலவசமா குடுத்துடுறார்.

2022ல வந்த ஃபயர் ஐலண்ட் இன்னும் ஆழமா போகுது. ஜோயல் கிம் பூஸ்டர் எழுதி நடிச்சது, ஆண்ட்ரூ ஆன் டைரக்‌ஷன், ஜேன் ஆஸ்டனோட ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ் கதையை எடுத்து நியூயார்க் பக்கத்துல கே மக்கள் லீவுக்குப் போற தீவுல வச்சிருக்காங்க. ஆஸ்டன் நாவல்ல கல்யாணச் சந்தைல ஒரு பொண்ணோட மதிப்பு சொத்தும் குடும்பப் பேரும் வச்சு. தீவுல மதிப்பு எதை வச்சுன்னா உடம்புக்கட்டு, காசு, தோலோட நிறம். ஹீரோ நோவாவும் அவன் ஃப்ரெண்ட் ஹோவியும் ஆசியப் பசங்க, காசும் இல்ல, வெள்ளைக்காரப் பணக்காரங்க பங்களா பார்ட்டிக்குள்ள நுழையுறப்போ மேல இருந்து கீழ ஒரு பார்வை விழும் பாருங்க, பொண்ணு பாக்க வந்த வீட்டுல வர்ற அதே பார்வை. 1813ல வந்த நாவலோட தடை கொஞ்சமும் துருப்பிடிக்காம அப்படியே பொருந்துது. நாவல்ல தங்கச்சிங்க பாக்குற வேலையை இங்க ஃப்ரெண்ட்ஸ் பாக்குறாங்க, அம்மா இடத்துல மார்கரெட் சோ, வீட்டுக்கார அக்கா. கூட்டத்துல ஒருத்தன் மாட்டிக்கிற வீடியோ விவகாரத்தைத் தீர்த்து வைக்கிறது, முறைச்சுக்கிட்டே திரியுற வக்கீல் வில். நாவல் படிச்சவங்களுக்கு வில் யாருன்னு சொல்லத் தேவையில்ல, படிக்காதவங்களுக்கு: நாவலோட ஹீரோ டார்சிதான் இவன்.

சிரிப்பு யார் கையில

நம்ம படங்கள்ல ரொம்ப காலமா ஒரு டெம்ப்ளேட் உண்டு, நளினமா நடக்குற ஒரு ஆள் வருவான், ஹீரோ தோள்ல கை வைப்பான், ஹீரோ பதறி ஓடுவார், தியேட்டர் சிரிக்கும். அதுவும் "கே காமெடி"ன்னுதான் பல பேர் மனசுல பதிஞ்சிருக்கு, குழப்பத்துக்குப் பாதிக் காரணம் இதுதான். அதுல அந்த ஆள் ஜோக்கா இருக்கான், ஜோக் சொல்ற இடத்துல அவன் இல்ல.

ஃப்ரெண்ட்ஸ் கதைல ஜோக் சொல்றவனும் கேக்குறவனும் மாட்டிக்கிறவனும் எல்லாம் உள்ளாளு. அதோட இவங்க சிரிப்புக்கு ஒரு தனி ருசி உண்டு, கேம்ப்னு பேரு: பெரிய விஷயத்தை அலட்சியமா பேசுறது, உப்புச்சப்பில்லாத விஷயத்துக்கு ஒப்பாரி வைக்குறது, வேணும்னே ஓவரா போறது. 1964ல சூசன் சோன்டாக் இதைப் பத்தி எழுதுன கட்டுரை ரொம்பப் பிரபலம். தலைக்கு மேல கத்தி தொங்குறப்போ "இந்த லைட்டிங் எனக்கு செட்டாகல"ன்னு சொல்ற மாதிரி ஒரு குணம். மறைச்சு மறைச்சு வாழ வேண்டியிருந்த காலத்துல ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் கண்டுக்கவும், பயத்தைச் சமாளிக்கவும் உதவுன பேச்சு இது. சப்டைட்டில்ல பாக்குறப்போ இதுதான் முதல்ல செத்துப் போகும், அதனால முதல் தடவை பாக்குறவங்களுக்கு "இவனுங்க ஏன் இவ்ளோ சீன் போடுறானுங்க"ன்னு தோணினா அது இயல்புதான்.

சந்தோஷ முடிவு எப்படி இவ்ளோ பெரிய விஷயம் ஆச்சு

இனி அந்த "கடைசில யாராவது செத்துருவான்" குற்றச்சாட்டு. அது ஆகாயத்துல இருந்து வரல. இங்கிலாந்து எழுத்தாளர் ஈ.எம். ஃபார்ஸ்டர் 1914ல மாரிஸ்னு ஒரு நாவலை முடிச்சார், ரெண்டு ஆண்கள் கடைசில சேர்ந்து வாழுற கதை. சந்தோஷ முடிவு இருந்தே ஆகணும்னு பிடிவாதமா வச்சதா 1960ல எழுதுன குறிப்புல சொல்றார், தூக்குல தொங்குற மாதிரியோ தற்கொலையாவோ முடிச்சிருந்தா வெளியிடறதுல தொல்லை இருந்திருக்காதுன்னும் அதுலயே சொல்றார். புத்தகம் 1971லதான் வந்துச்சு, அவர் செத்து அடுத்த வருஷம். இங்கிலாந்துல சட்டம் மாறுனதே 1967ல.

ஹாலிவுட்ல 1934ல இருந்து கறாரா அமல்படுத்துன ஹேஸ் கோட்னு ஒரு தணிக்கை விதி, அதுல இந்த விஷயத்தைக் காட்டவே கூடாது, 1961லதான் இதைக் கொஞ்சம் தளர்த்துனாங்க, விதி 1968 வரைக்கும் இருந்துச்சு. மலிவு விலைப் புத்தகங்களுக்கு வேற கஷ்டம், ஆபாசம்னு தபால்ல பறிமுதல் ஆயிடும்னு பயந்து பதிப்பாளருங்களே சோக முடிவு கேட்டு வாங்குவாங்க. ஆக அந்த அழுகாச்சி எல்லாம் எழுத்தாளர்களோட ரசனை மட்டும் இல்ல, அது ஒரு விதமான நுழைவுக் கட்டணம். அந்தப் பின்னணில ஒருத்தன் தொடர்கதைல கே பையனுக்கு ஸ்கேட்டிங் காதலும் டான்ஸ் போட்டியும் வச்சு, அவனை உயிரோட சிரிக்க விட்டு, காலை காப்பியோட ஊரே படிக்க வச்சாங்கறது லைட்டான காரியமா?

லைட்டுன்னா கனமே இருக்காதுன்னும் இல்ல. 1977ல ஃப்ளோரிடால அனிதா ப்ரையன்ட்ங்கற பாடகி கே மக்களுக்கு எதிரா பெரிய பிரசாரம் நடத்துனாங்க. மாப்பின் கதைல மைக்கேலோட அப்பா அம்மா ஃப்ளோரிடாக்காரங்க, அவங்களும் அதுல சேர்ந்துட்டதா அம்மா பெருமையா எழுதுறாங்க, பதிலுக்கு மைக்கேல் நான் கேன்னு சொல்லி ஒரு கடிதம் எழுதுறான். தான் யாருன்னு இப்படி வெளிப்படையா சொல்றதுக்கு கமிங் அவுட்னு பேரு. அந்தக் கடிதத்தை மாப்பின் தன் சொந்த அப்பா அம்மாவுக்குச் சொல்றதாவும் வச்சுத்தான் எழுதுனார், ஊர்ல அவங்க அந்தத் தொடரைப் படிச்சுட்டிருந்தாங்க. பின்னாடி எய்ட்ஸ் வந்து ஊரே இடிஞ்சு போனப்போ, 1984ல வந்த நாலாவது புத்தகத்துல ஜான் செத்துப் போயிருப்பான். காமெடித் தொடர்ல இப்படி ஒரு சாவை வச்சதுக்கு வாசகர்கள் கோவப்பட்டாங்க, ஆனா அந்த ஊர்ல அன்னிக்கு அதை விட்டுட்டு எழுதியிருந்தாதான் பொய். கவனிக்க வேண்டியது, அந்தச் சாவு காதலுக்குத் தண்டனையா வரல, மைக்கேல் தொடர்ந்து வாழுறான், திரும்பவும் காதலிக்கிறான், ஜோக்கும் அடிக்கிறான்.

கல்யாணம் இல்லாத க்ளைமாக்ஸ்

கடைசியா ஒரு டெக்னிக்கல் பிரச்சனை. ரொமான்டிக் காமெடி பழைய காலத்துல இருந்தே கல்யாணத்துல முடியும். அமெரிக்கா முழுக்க ஒரே பாலினக் கல்யாணம் சட்டமானது 2015 ஜூன்லதான், இந்தியாவுல தன்பாலுறவைக் குற்றம்னு சொன்ன 377வது பிரிவு விஷயத்துல அது குற்றமில்லன்னு 2018ல தீர்ப்பு வந்தும் 2023 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் கல்யாணத்தை அங்கீகரிக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. தாலி இல்லாத இடத்துல கதையை எங்க நிறுத்துறது?

எழுத்தாளருங்க வேற வேற வழி கண்டுபுடிச்சாங்க. ட்ரிக் படத்துல விடிஞ்சதும் நடுத்தெருவுல ஒரு முத்தம், அப்புறம் மார்க் குடுத்த போன் நம்பர் நிஜம்தானான்னு சந்தேகப்பட்டு கேப்ரியல் காயின் போன்ல அடிச்சுப் பாக்குறான், மார்க்கோட குரல்தான் வருது, படம் முடிஞ்சுது. நம்பர் பொய்யில்ல, அந்தக் கதைக்கு அதுவே சுபம். ஃபயர் ஐலண்ட்ல தீவோட படகுத்துறைல ஒரு டான்ஸ். இப்ப சட்டம் வந்தப்புறமும் பல கதைங்க கல்யாணத்துல போய் முடியறதில்ல, சில ஜோடிங்களுக்கு அது வேணும், சில ஜோடிங்க அதைக் கிண்டல் பண்ணும், அந்த வாக்குவாதமே இப்ப புதுத் தடையா ஆகியிருக்கு. என்னைக் கேட்டா இந்தச் சின்ன முடிவுங்கதான் நல்லா இருக்கு, மண்டபம் புக் பண்ணி முடிக்கிற கதை நம்மகிட்ட ஏற்கனவே எக்கச்சக்கம்.

ஆரம்பிக்கணும்னா மாப்பினோட முதல் புத்தகத்தை எடுங்க, அத்தியாயம் ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு பக்கம்தான், ஆங்கிலமும் கடினமில்ல, பாதி பேச்சுதான். ஆனா வரிசையா படிங்க, நடுவுல இருந்து எடுத்தா யாரு யாரோட எக்ஸுன்னு தலை சுத்திடும்.